கைக்குள் அடங்காத கைப்பேசி



மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு சொல்லைக் கேட்டவுடன், அது தான் குறிக்கும் பொருளோடு பொருந்தி நிற்கின்றதா என்று அவர்கள் மனம் நிறுத்துப் பார்க்கும். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் நாள்தோறும் கோப்புகளைத் தமிழாக்கிக் கொண்டிருக்கும் எனக்கும் அப்பழக்கம் உண்டு. அண்மைக் காலமாக என் மனத்தை உறுத்தி வருகின்ற சொல் ஒன்று இருக்கின்றது. அது "கைப்பேசி" என்பது. கையில் அடங்குவது, கையோடு வருவது, கையால் இயங்குவது என்னும் மூன்று பொருளும் அமைந்த நல்ல சொல். ஆனால் இன்று கடைகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாக நிற்கும் கருவிகளைப் பார்க்குந்தோறும், இவற்றுள் எத்தனை ஒரு சராசரி மனிதரின் ஒரு கைக்குள் அடங்கும் என்ற ஐயம் எழுகின்றது. பெயர் அப்படியே இருக்கின்றது. பொருள்தான் பெயரை விட்டு வளர்ந்துவிட்டது.

இவ்வளர்ச்சி நடந்த வரலாறு மிகவும் நெடியது அன்று. 2007-ஆம் ஆண்டில் வெளிவந்த முதல் ஐபோனின் திரை மூலைக்கு மூலை மூன்றரை அங்குலம். அக்கருவியின் அகலம் 61 மில்லிமீட்டர். எடை 135 கிராம். கைக்குள் அடங்காத பேசியை எவரும் வாங்கமாட்டார்கள் என்னும் கருத்தை அந்நிறுவனத்தின் தலைவராயிருந்த ஸ்டீவ் ஜாப்ஸ் 2010-ஆம் ஆண்டு ஜூலையில் வெளிப்படையாகவே சொன்னார். மறு ஆண்டிலேயே சாம்சங் நிறுவனம் 5.3 அங்குலத் திரையோடு கேலக்சி நோட் என்னும் கருவியை வெளியிட்டது. இதைக் காதில் வைத்துப் பேசுவதா, உணவு பரிமாறுவதா என்று அன்று நகைத்தவர் பலர். நகைப்பு நெடுநாள் நிலைக்கவில்லை. 2014-இல் ஆப்பிள் நிறுவனமே 4.7 அங்குலத்திலும் 5.5 அங்குலத்திலும் பேசிகளைக் கொண்டுவந்தது. அன்று கேலிக்கு இலக்கான கேலக்சி நோட்டின் உயரம் ஏறத்தாழ 147 மில்லிமீட்டர். 2025-இல் வெளிவந்த கேலக்சி எஸ்25 என்னும் பேசி, அந்நிறுவனத்தின் அவ்வாண்டு முதன்மை வரிசையில் எல்லாவற்றிலும் சிறியது. அதன் உயரமும் ஏறத்தாழ 147 மில்லிமீட்டரே. அகலத்திலும் எடையிலும் அது குறைந்தது என்பது உண்மை. ஆயினும் நேற்று அரக்கனின் உயரம் என்று எண்ணப்பட்டது இன்று குள்ளனின் உயரமாகிவிட்டது.

இங்கே அங்குலக் கணக்கைப் பற்றி ஒரு சொல். விளம்பரத்தில் கூறப்படும் அங்குலம் திரையின் மூலைவிட்டத்தின் நீளமேயன்றி, அகலமும் அன்று, பரப்பும் அன்று. முன்னாளில் திரைகள் பதினாறுக்கு ஒன்பது என்னும் விகிதத்தில் அமைந்தன. பின்னர் இருபதுக்கு ஒன்பது என்னும் விகிதம் பரவியது. பழைய விகிதத்தில் அமைந்த ஐந்தரை அங்குலத் திரையின் அகலம் சுமார் 68 மில்லிமீட்டர். புதிய விகிதத்தில் அமைந்த ஆறரை அங்குலத் திரையின் அகலமும் சுமார் 68 மில்லிமீட்டரே. அங்குலம் ஒன்று கூடிற்று, அகலம் கூடவில்லை. கூடியது முழுவதும் உயரத்திலேயே சென்று சேர்ந்தது. ஆதலின் பிடிப்பதற்கு இரண்டும் ஒன்றுபோல் இருந்தாலும், கட்டை விரல் திரையின் உச்சியைத் தொட முயலும்போதுதான் துன்பம் தொடங்குகின்றது. அங்குலத்தை மட்டும் கேட்டு வாங்குவோர், வேட்டியின் அகலத்தைக் கேளாமல் நீளத்தை மட்டும் கேட்டு வாங்குவோரை ஒப்பர்.

நல்லது, பெரியது வேண்டுவோர் பெரியதை வாங்கட்டும். சிறியது வேண்டுவோர் சிறியதை வாங்கிக்கொள்ளலாமே என்று நீங்கள் கேட்கலாம். இடையூறு அங்கேதான் இருக்கின்றது. சந்தையில் "மினி" என்ற பெயரோடு வந்த கருவிகள் பலவும் உருவில் மட்டும் சிறுத்து வரவில்லை; திறத்திலும் குறைந்தே வந்தன. 2013-இல் கேலக்சி எஸ்4 என்னும் பேசியின் படக்கருவி 13 மெகாபிக்சல் கொண்டது; அதன் தம்பியாக வந்த எஸ்4 மினி பெற்றதோ 8 மெகாபிக்சல். திரையின் தெளிவும் செயலியின் ஆற்றலும் அவ்வாறே குறைக்கப்பட்டன. சிறிய கருவியை விரும்புகிறவர் குறைந்த விலையையே விரும்புகிறவர் என்று வணிகர்கள் முடிவு கட்டிவிட்டனர் போலும்.

விதிவிலக்குகள் இல்லாமற் போகவில்லை. சோனி நிறுவனம் 2014-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அறிமுகம் செய்த எக்ஸ்பீரியா இசட்1 காம்பாக்ட் என்னும் பேசி 4.3 அங்குலத் திரை உடையது. ஆயினும் பெரிய இசட்1-இல் இருந்த அதே செயலியையும் அதே 20.7 மெகாபிக்சல் படக்கருவியையும் அது பெற்றிருந்தது. கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பதற்கு அது நேரிய எடுத்துக்காட்டு. அவ்வரிசை 2018-இல் வந்த எக்ஸ்பீரியா எக்ஸ்இசட்2 காம்பாக்டோடு நின்றது. ஆப்பிள் நிறுவனம் 2020-இலும் 2021-இலும் 5.4 அங்குலத் திரையோடு ஐபோன் 12 மினி, 13 மினி என்னும் இரண்டையும் வெளியிட்டது. 64 மில்லிமீட்டர் அகலத்தில் முழுத்திறமும் அமைந்த கருவிகள் அவை. 2022-ஆம் ஆண்டு வரிசையில் மினிக்கு இடம் இல்லை, அவ்விடத்தில் 6.7 அங்குலப் பேசி ஒன்று வந்து அமர்ந்தது. 2023 செப்டம்பரில் 13 மினியின் விற்பனையையும் அந்நிறுவனம் நிறுத்தியது. 4.7 அங்குல ஐபோன் எஸ்.இ.யும் 2025 பிப்ரவரியில் விடைபெற்றது. அதற்கு ஈடாக வந்தது 6.1 அங்குலத் திரை உடையது. ஏசுஸ் நிறுவனம் 2021 முதல் 2023 வரை 5.9 அங்குலத்தில் சென்போன் 8, 9, 10 ஆகியவற்றைத் தந்தது. 2024-இல் வந்த சென்போன் 11 அல்ட்ரா 6.78 அங்குலமாக வளர்ந்துவிட்டது. அடுத்தடுத்துக் கதவுகள் அடைபடுவதைப் பார்த்துக்கொண்டே நிற்கும் நிலை சிறிய பேசியை விரும்புவோருடையது.

சிறியது ஏன் வேண்டும்? வெறும் ஆசைக்காகவா? பிற மாநிலங்களில் வாழும் தமிழர்களாகிய நம் அன்றாட வாழ்க்கையையே எண்ணிப் பாருங்கள். தில்லி மெட்ரோவில் ஒரு கை மேலே தொங்கும் பிடியைப் பற்றியிருக்கின்றது. மும்பையில் காலை நேரப் புறநகர் ரயிலில் ஒரு கை வாயிற்கம்பியில் இருக்கின்றது. கொல்கத்தாவில் பேருந்துப் படியில் ஒரு கை, பையில் ஒரு கை. மிஞ்சியிருப்பது ஒரே கை. அக்கையிலும் வேலை செய்வது ஒரே கட்டை விரல். அந்த விரலால்தான் ஊரிலிருந்து வந்த செய்திக்கு மறுமொழி எழுத வேண்டும். அடுத்த நிலையம் எது என்று பார்க்க வேண்டும். ஸ்டீவன் ஹூபர் என்னும் வடிவமைப்பாளர், பொது இடங்களில் பேசியோடு காணப்பட்ட 1,333 பேரைக் கவனித்து 2013-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். திரையைத் தொட்டு இயக்கிக்கொண்டிருந்தவர்களுள் 49 விழுக்காட்டினர் ஒரு கையாலேயே அதைச் செய்தனர் என்று அவர் கண்டார். கையின் தேவை இவ்வாறிருக்க, கருவியின் போக்கு வேறாக இருக்கின்றது. பெண்களின் கை பொதுவாக ஆண்களின் கையைவிடச் சிறியது என்பதையும், அவர்களுடைய உடைகளில் பை இருப்பதே அரிது என்பதையும் இதனோடு சேர்த்து எண்ணுதல் வேண்டும்.

அப்படியானால் பொத்தான் வைத்த பழைய பேசி போதாதா என்பர் சிலர். பேசுவதற்குப் போதும், வாழ்வதற்குப் போதாது. 2016-இல் யூ.பி.ஐ. வந்த பின்பு காய்கறிக் கடையிலும் திரையைக் காட்டியே காசு கொடுக்கின்றோம். பொத்தான் பேசி வைத்திருப்போருக்காக 2022-இல் தனி ஏற்பாடு ஒன்று செய்யப்பட்டது உண்மை. எனினும் ரயில் பயணச்சீட்டு, வங்கிக் கணக்கு, ஊரில் உள்ளோரின் முகம், தமிழ்ச் செய்தித்தாள் ஆகிய அனைத்தும் திறன்பேசிக்குள் குடியேறிவிட்டன. அயல் மாநிலத்தில் இருப்பவனுக்கு அஃது ஒரு கருவி மட்டும் அன்று. ஊருக்குச் செல்லும் ஒற்றையடிப் பாதையும் அதுவே.

இதில் என் குடும்பத்து நிலை ஒன்றையும் சொல்லுதல் பொருந்தும். என் தாயார் திருச்சிராப்பள்ளியில் தனியே வாழ்கின்றார். ரயில்வேயில் பணியாற்றிய என் தந்தையார் மறைந்த பிறகு குடும்ப ஓய்வூதியம் பெற்று வருகின்றார். ஓய்வூதியம் பெறுவோர் ஆண்டுதோறும் நவம்பர் மாதத்தில் தாம் உயிரோடிருப்பதற்குச் சான்று தரவேண்டும் என்பதை அறிவீர்கள். முன்பெல்லாம் அதற்காக வங்கி வாயிலில் வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. 2014-இல் அச்சான்றை மின்னணு முறையில் தரும் வழி ஏற்பட்டது. 2021 நவம்பர் முதல், திறன்பேசியின் முன் முகத்தைக் காட்டியே வீட்டிலிருந்தபடி அதைத் தரலாம் என்னும் வசதியும் வந்தது. முதியோருக்கு இது பெரிய நன்மை. இதை எவரும் மறுக்க இயலாது.

ஆனால் என் தாயாரின் விரல் மூட்டுகள் சில ஆண்டுகளாக இறுகிவிட்டன. இருநூறு கிராமுக்கு மேற்பட்ட வழவழப்பான ஒரு கண்ணாடிப் பலகையை ஒரு கையால் உயர்த்திப் பிடித்து, முகத்தை நேரே காட்டி, கண்ணை இமைத்து, அதே சமயம் மறு கையால் திரையைத் தொடுதல் அவரால் ஆகாத செயல். "உன் அப்பாவின் கைக்கடிகாரம் மாதிரி கைக்கு அடக்கமாக ஒன்று கிடைக்காதா, அப்பா?" என்று அவர் தொலைபேசியில் கேட்டார். அண்டை வீட்டார் உதவுவார்கள். தபால்காரரும் வீட்டுக்கே வந்து சான்று எடுத்துக்கொடுப்பார். இருந்தாலும், "நான் உயிரோடு இருக்கிறேன் என்பதைச் சொல்லக்கூட இன்னொருவர் கை வேண்டுமா?" என்று அவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் மறுமொழி இல்லை.

அவருக்காகத் தில்லி கரோல் பாகில் கடை கடையாகச் சென்று தேடினேன். தேவை மூன்றே. கைக்கு அடக்கமான உருவம், தெளிவான படக்கருவி, சில ஆண்டுகளுக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு. ஒரு கடைக்காரர் முன்பின் தெரியாத எனக்காக ஆறு பெட்டிகளைத் திறந்து காட்டினார். ஆறும் ஆறரை அங்குலத்துக்கு மேல். சிறியது என்று அவர் இறுதியில் எடுத்துத் தந்தது பொத்தான் பேசி. "பாயி சாகிப், நடுவில் எதுவும் இல்லை, இது அல்லது அது" என்று அவர் ஹிந்தியில் கூறியதைத் தமிழில் பெயர்த்தால், நம் காலத்துச் சந்தையின் இலக்கணமே அதற்குள் அடங்கிவிடும்.

உற்பத்தியாளர் தரப்பிலும் நியாயம் உண்டு. அதையும் கேட்டல் முறை. மின்கலம் தன் கொள்ளளவுக்கு ஏற்பவே ஆற்றலைத் தேக்கும். உடல் சிறுத்தால் மின்கலமும் சிறுக்கும். மாலைக்குள் பேசி உறங்கிவிடும். செயலியில் எழும் வெப்பம் பரந்த உடலில் எளிதில் ஆறும். சிறிய உடலில் தங்கும். இரண்டு மூன்று படக்கருவிகள், ஐந்தாம் தலைமுறை அலைவாங்கிகள், ஒலிபெருக்கி ஆகிய அனைத்தையும் குறுகிய இடத்தில் அடக்குவது கடினம். அவ்வாறு அடக்குவதால் செலவு குறைவதில்லை. வாங்குபவரோ, சிறியதாயிற்றே, விலை குறையாதா என்று கேட்பார். மேலும் நம் நாட்டில் எத்தனையோ இல்லங்களில் கணினி இல்லை. அவ்வில்லங்களில் பிள்ளைகளின் பாடப் புத்தகமும், தந்தையின் செய்தித்தாளும், பாட்டியின் திரைப்படமும் ஒரே பேசிதான். அவர்கள் பெரிய திரையை விரும்புவதில் தவறு என்ன?

தமிழனுக்குத் தனியாகவும் ஒரு காரணம் உண்டு. நம் சொற்கள் நீளமானவை. "செலுத்தப்பட்டுவிட்டது" என்ற ஒரே சொல் குறுகிய திரையில் வரியின் பெரும்பகுதியைத் தானே பிடித்துக்கொள்ளும். இருநூற்று நாற்பத்தேழு எழுத்துகளைத் தட்டுவதற்கு அமைந்த விசைப்பலகையோ, சிறு திரையில் நெருங்கி நின்று விரலைத் தடுமாறச் செய்யும். சிறியதற்காக வழக்காடும்போது இவற்றை மறைத்தல் நேர்மை ஆகாது.

ஆனால் பெரும்பாலோர் பெரியதை விரும்புகின்றனர் என்பதிலிருந்து, சிறியதை விரும்புவோர் இல்லை என்று முடிவு கட்டுதல் எந்தத் தருக்கத்தில் அடங்கும்? செருப்புக் கடைக்காரர் எட்டாம் எண் அதிகம் விற்கின்றது என்பதற்காக ஐந்தாம் எண்ணை நிறுத்திவிடுவதில்லை. கால்கள் பலவாறு இருப்பதை அவர் ஏற்றுக்கொண்டிருக்கின்றார். கைகளும் அவ்வாறே என்பதைப் பேசி செய்வோர் ஏற்றுக்கொள்ள மறுப்பதே நம் குறை.

இக்குறையை அவர்கள் உணராமலும் இல்லை. 2014-இல் பெரிய ஐபோன் வந்தபோதே, பொத்தானை இருமுறை மெல்லத் தொட்டால் திரையின் மேற்பாதி கீழே இறங்கி வரும் வசதியும் உடன் வந்தது. கை உச்சிக்கு எட்டாது என்பதைச் செய்தவர்களே ஒப்புக்கொண்டதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? 2020-இல் சாம்சங் வெளியிட்ட இசட் ஃபிளிப் முதலிய மடக்குப் பேசிகள் பைக்குள் அடங்குகின்றன; விரித்தாலோ 6.7 அங்குலம். பைக்குக் கிடைத்த தீர்வு கைக்குக் கிடைக்கவில்லை. விலையும் எளியவர்க்கு எட்டாது. மறுபுறம் யூனிஹெர்ட்ஸ் என்னும் சிறு நிறுவனம் 3 அங்குலத் திரையிலும் பேசிகள் செய்தது. அதில் முதியவர் ஒருவர் எழுத்தைக் காண்பதற்குத் தனியே ஒரு உருப்பெருக்கி வேண்டும். மலைக்கும் மடுவுக்கும் இடையே சமவெளி வேண்டும் என்பதே நம் கோரிக்கை.

சமவெளி கிடைக்கும்வரை என்ன செய்யலாம்? மூன்று யோசனைகளைச் சொல்கின்றேன்.

முதலாவது, அங்குலத்தைக் கேளாமல் அகலத்தையும் எடையையும் கேளுங்கள். நிறுவனங்கள் இவற்றை மில்லிமீட்டரிலும் கிராமிலும் வெளியிடுகின்றன. அவ்வளவுகளில் ஓர் அட்டையை வெட்டி, ஒரு கையில் பிடித்து, கட்டை விரலால் எதிர் மூலையைத் தொட்டுப் பாருங்கள். எட்டாவிடில் அப்பேசி உங்களுடையது அன்று. காசு செலவில்லாத இச்சோதனை, கடையின் வெளிச்சத்தில் ஏற்படும் மயக்கத்தையும் தவிர்க்கும்.

இரண்டாவது, கையில் இருக்கும் சிறிய பேசி நன்றாக இயங்குமாயின் அவசரப்பட்டு அதைக் கைவிடாதீர்கள். பெரும்பாலும் களைத்துப் போவது மின்கலமே. அதை மாற்றினால் பேசி மறுபிறவி எடுக்கும். பழுது பார்க்கும் உரிமைக்காக மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் ஒரு தனி இணையவாயிலைத் திறந்தது. பல நிறுவனங்களின் பழுதுபார்ப்பு விவரங்கள் அங்கே தொகுக்கப்பட்டன. ஆயினும் பாதுகாப்புப் புதுப்பிப்பு முற்றும் நின்றுபோன பேசியில் வங்கிக் கணக்கை வைத்திருத்தல் கூடாது. பூட்டு துருப்பிடித்த பெட்டியில் நகையை வைப்பதற்கு அது நிகர்.

மூன்றாவது, முதியோருக்காக வாங்கும்போது அவர்களது கையைப் பார்த்து வாங்குங்கள். நம் கண்ணைப் பார்த்து வாங்க வேண்டாம். பெரியதுதான் கிடைக்கும் என்றால், அதைப் பிடிக்கும் வேலையைக் கையிலிருந்து அகற்றிவிடுங்கள். என் தாயார் கண்ட வழி இதுவே. என் தந்தையார் இராமாயணம் வைத்துப் படித்த மரத்தாலான சிக்குப்பலகை வீட்டில் இருந்தது. பேசியை அதன்மேல் சாய்த்து வைத்து, எதிரே அமர்ந்து, சென்ற நவம்பரில் தம் முகத்தைத் தாமே காட்டிச் சான்று அனுப்பினார். "கைப்பேசி இப்போது பலகைப்பேசி ஆகிவிட்டது" என்று சொல்லிச் சிரித்தார். வீட்டில் அது போதும். கோயிலுக்குச் செல்லும்போதும் மருத்துவரிடம் செல்லும்போதும் சிக்குப்பலகையை எடுத்துச் செல்ல முடியுமா? அதனால் வெளியே செல்லும்போது அவர் பேசியை வீட்டிலேயே வைத்துவிட்டுச் செல்கின்றார். தொள்ளாயிரம் கல் தொலைவுக்கும் அப்பாலிருந்து அழைக்கும் எனக்கு அவ்வேளையில் மணியோசை மட்டுமே கேட்கின்றது. இழப்பு இன்னதென்று இதற்கு மேல் விளக்க வேண்டுவதில்லை.

நேயர்களே, தமிழில் "சிறிது" என்பது ஒரு சொல். "குறைவு" என்பது வேறொரு சொல். இரண்டையும் ஒன்றாகப் பெயர்ப்பவன் நல்ல மொழிபெயர்ப்பாளன் ஆகான். ஈரடியில் உலகியலை அடக்கிய நூலைத் தலைமேற்கொண்ட மக்கள் நாம். சிறுமை வேறு, சுருக்கம் வேறு என்பதை நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. சந்தைதான் அவ்வேறுபாட்டை இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. அதைக் கற்பிக்கும் வழி நம்மிடமே உள்ளது. அடுத்த முறை கடைக்குச் செல்லும்போது, இருப்பதைப் பேசாமல் வாங்கித் திரும்பாமல், "இதே திறத்தோடு சிறியது இருக்கின்றதா?" என்று ஒரு முறை கேளுங்கள். ஒருவர் கேட்டால் கடைக்காரர் சிரிப்பார். பத்துப் பேர் கேட்டால் குறித்து வைத்துக்கொள்வார். நூறு பேர் கேட்டால் தமக்குச் சரக்கு அனுப்புவோரிடம் சொல்லுவார். கேட்பாரற்ற பொருளைத்தான் சந்தை நிறுத்துகின்றது. கேட்டுக்கொண்டே இருப்பது நம் கடமை.